ஒத்த தோற்றமுடைய இன்னொருவர்

என் மகன் கீனனின் முகத்தைச் சினிமாக்காரர்களிடம் எடுத்துக் கொடுத்தவள் நான்தான். யாரும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. நான் ஏமாந்துவிட்டதாக ஊரில் பாதிப்பேர் எனக்காகப் பரிந்து பேசுகிறார்கள். பேசட்டும். அவன் புகைப்படத்தைச் சட்டத்தோடு துடைத்து இரண்டு கையாலும் நீட்டியது எனக்கல்லவா தெரியும்.

அட்லாண்டாவுக்குத் தெற்கே ஹிக்கரி டிரேஸ் என்ற குடியிருப்பில் எங்கள் வீடு. நூற்றுப்பத்து வீடுகளில் நாலைந்தைத் தவிர எல்லாம் எங்கள் ஆட்கள், கறுப்பர்கள். டீச்சர்கள், நர்சுகள், விமான நிலையத்தில் வேலை செய்கிறவர்கள், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். புல் நாலு விரல் உயரம் வளர்ந்தால் குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிடும், அப்படிப்பட்ட இடம். நான் இருபத்தேழு வருஷமாக ஒரு பல் டாக்டரிடம் பல் சுத்தம் செய்கிற வேலை பார்க்கிறேன். ஓர் ஆளைப் பார்த்தால் முதலில் பல்தான் என் கண்ணில் படும், பிறகுதான் மனுஷன்.

என் கணவர் இறந்து பதினோரு வருஷமாகிறது. கீனன் போய் இந்த ஏப்ரலோடு நாலு. கல்லூரி வாத்தியக் குழுவில் டிராம்போன் வாசித்துக்கொண்டிருந்தவன், பயிற்சி மைதானத்தில் வரிசையில் நின்றபடியே சரிந்தான். பிறவியிலேயே இதயத் தசை தடித்திருந்ததாம். இருபது வயது. அவன் வாழ்நாளில் ஒரு போலீஸ்காரர் அவனிடம் பேசியது ஒரே ஒரு தடவை, ஐந்தாம் வகுப்பில் சாலைப் பாதுகாப்புப் போட்டியில் பரிசு கொடுத்தபோது. இதை ஏன் இப்போதே சொல்லி வைக்கிறேன் என்பது பிறகு புரியும்.

எங்கள் பக்கம் சினிமாக்காரர்கள் வருவது புதிதல்ல. முச்சந்தியில் மஞ்சள் அட்டையில் அம்புக்குறி வைத்திருந்தால் எங்கோ படப்பிடிப்பு என்று அர்த்தம். போன வருஷ வசந்தத்தில் அந்த அம்புக்குறி எங்கள் தெருவுக்குத் திரும்பியது. படப்பிடிப்புக்கு இடம் பார்க்கிற வேலையில் இருந்த கென்ட்ரா ஃபோல்ஸ் என்ற பெண் கதவைத் தட்டினாள். எங்கள் பெண்தான், சவானாவில் பிறந்தவள், முப்பது வயது இருக்கும்.

"மிஸ் வெர்னீஸ், உங்க மாடிப்படி எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. கீழ இருந்து பாத்தா யாரோ மேல நிக்கிற மாதிரியே இருக்கு."

"மூணு வருஷமா யாரும் நிக்கல கண்ணு" என்றேன். உள்ளே வரச் சொல்லி இனிப்புத் தேநீர் கொடுத்தேன். வீட்டைக் கொடுக்கவும் ஒப்புக்கொண்டேன். வீட்டில் யாராவது நடமாடினால் போதும், கதவை யாராவது சாத்தினால் போதும் என்று இருந்த காலம் அது.

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். வாயைத் திறக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தவிர, அவர்களுக்கு நான் ஏன் விளம்பரம் செய்ய வேண்டும்? கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். அழகான வீடு, அழகான வெள்ளைக்காரப் பெண்டாட்டி, ரொம்ப நல்ல புருஷன். பெண்டாட்டிக்குச் சந்தேகம் வருகிறது. நிலவறையில் ஏதோ சத்தம் கேட்கிறது. கடைசியில் அந்த ரொம்ப நல்ல புருஷன்தான் கொலைகாரன்.

முதல் வேலையாக என் வீட்டுச் சுவர்களில் இருந்த படங்களையெல்லாம் கழற்றிப் பெட்டிகளில் அடுக்கினார்கள். என்னை மூன்று வாரம் ஓட்டலில் தங்க வைத்தார்கள். இரண்டாம் நாள் மாத்திரை எடுக்க வந்தேன். கூடத்தில் என் கல்யாணப் படம் இருந்த அதே ஆணியில் வேறு கல்யாணம் மாட்டியிருந்தது. கதாநாயகியும் கதாநாயகனும் எங்கேயோ கடற்கரையில் நிற்கிறார்கள், இரண்டு பேருக்கும் ஒரே அச்சில் வார்த்த பல். என் மாமனார் இருந்த இடத்தில் நீலக்கண் கிழவர் ஒருவர் என்னை முறைத்தார். சிரிப்புத்தான் வந்தது. என் அக்கா ஓப்பலுக்குப் போன் செய்து, "நம்ம பரம்பரையே ஒரே நாள்ல வெளுத்துப் போச்சுடி அக்கா" என்றேன். அப்போதெல்லாம் எனக்கு எல்லாமே வேடிக்கையாக இருந்தது.

டைரக்டர் ஹேலி வின்டர்ஸ் என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளைக்காரப் பெண், நாற்பது வயது, தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவள் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

"வெர்னீஸ், உங்ககிட்ட ஒரு நல்ல விஷயம் சொல்லணும். படத்துல பக்கத்து வீட்டுக்காரி மோனா இருக்காள்ல, அவளைக் கறுப்பினப் பெண்ணா மாத்திட்டோம். துப்பறியிற போலீஸ் அதிகாரியும் கறுப்பினப் பெண்தான். கூட்டிப் பாத்தா நடிகர்கள்ல முப்பத்தெட்டு சதவீதம் கறுப்பினத்தவங்க. எல்லாரும் திரையில தங்களைப் பாக்கணும், அது எனக்கு ரொம்ப முக்கியம்."

"முப்பத்தெட்டுன்னா நல்ல மார்க்குதான்" என்றேன். கென்ட்ரா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினாள்.

மோனாவின் வீடாக என் கீழ்த்தள அறையைத்தான் அலங்கரித்தார்கள். வெள்ளைக்காரர் வீடு மாடியில், கறுப்பர் வீடு நிலவறையில். அதைப் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. கணப்பு மாடத்தின் மேல் மோனாவின் குடும்பப் படங்கள் வேண்டும். வாடகைக்குப் படம் கொடுக்கிற கம்பெனியிலிருந்து ஆறு படங்கள் வந்திருந்தன. நான் அவற்றைப் பார்த்துவிட்டு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"இதுல ஒருத்தருக்கொருத்தர் மூக்குகூட ஒட்டலையே கண்ணு. பஸ் ஸ்டாப்புல நின்னவங்களை எல்லாம் பிடிச்சிட்டு வந்த மாதிரி இருக்கு" என்றேன் கென்ட்ராவிடம்.

"எனக்கும் தெரியுது மிஸ் வெர்னீஸ். ஆனா வேற படம் இல்லயே."

அப்போதுதான் சொன்னேன். "என்கிட்ட ஒண்ணு இருக்கு."

ஏழாம் எண் பெட்டியில் இருந்தது. கீனனின் பத்தொன்பதாவது பிறந்தநாள். பின்வாசல் படியில், ஹூடி என்கிற சாம்பல்நிறக் குல்லாச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறான், மடியில் பீச் பழப் பணியாரத் தட்டு, கண்ணில் வெயில். ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். இடது மேல்பல் கொஞ்சம் திரும்பியிருக்கும். கம்பி போடலாம் என்று எத்தனையோ தடவை கெஞ்சினேன், மாட்டேன் என்றுவிட்டான். அவன் இறுதிச் சடங்குக்கு அச்சடித்த புத்தகத்தின் அட்டையில் போட்டதும் அதே படம்தான். எங்கள் சர்ச்சில் அந்தப் புத்தகத்தை யாரும் தூக்கிப் போடுவதில்லை. பைபிளுக்குள் வைத்துக்கொள்வார்கள், வருஷக்கணக்கில் இருக்கும். எத்தனை பைபிள் இருக்கிறதோ அத்தனையிலும் என் பிள்ளை இருக்கிறான்.

கென்ட்ரா என் முகத்தைப் பார்த்தாள். "நிச்சயமாவா?"

"அவன் முகத்தை நாலு பேர் பாக்கட்டும்" என்றேன்.

சினிமாவில் ஒரு நடைமுறை உண்டு. கேமராவில் விழுகிற எந்தப் படத்துக்கும் சொந்தக்காரரின் கையெழுத்து வேண்டும். கையெழுத்து வாங்கினதும் படத்தின் பின்னால் பச்சை வில்லை ஒட்டுவார்கள். பச்சை இருந்தால் யாரும் மறுபடி கேட்க வேண்டியதில்லை, எடுத்துப் பயன்படுத்தலாம். கென்ட்ரா இரண்டு பக்கத் தாளை நீட்டினாள். 'இப்படத்தில், எந்த வகையிலும், எந்தச் சூழலிலும்' என்று அதில் இருந்தது. பிறகு படித்ததுதான், அன்று பேனா எங்கே என்றுதான் கேட்டேன்.

மாவட்டக் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ஓப்பல் போனில் கத்தினாள். "படிக்காம கையெழுத்துப் போட்டியா? முப்பத்தோரு வருஷம் கோர்ட்டுல இருந்தவ நான், என்னத்த சொல்லிக் கொடுத்தேன் உனக்கு?"

"ஒரு மாடத்து மேல வைக்கப் போறாங்க, அவ்ளோதானடி."

"வைக்கறது யாருன்னு பாத்தியா, இல்லையா?"

நான் போனை வைத்துவிட்டேன்.

மோனாவின் காட்சியை எடுத்த அன்று என்னை மானிட்டருக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். மோனாவாக நடித்த பெண் காப்பிக் கோப்பையோடு வந்து, மாடத்தின் மேல் இருந்த கீனனை ஒரு விரலால் நேராக்கிவிட்டு, கதாநாயகியிடம் சொன்னாள்: "என் பையன். காலேஜ்ல இருக்கான். போனே பண்ண மாட்டான் தடியன்."

ஏழு தடவை எடுத்தார்கள். ஏழு தடவையும் என் பையன் காலேஜில் இருந்தான். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதேன், சத்தம் பதிவாகிவிடக் கூடாதே என்று. இந்தப் படம் இருக்கிறவரை அவன் காலேஜில் இருப்பான், போன் பண்ணாத தடியனாக இருப்பான். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

சர்ச்சில் எல்லோரிடமும் சொன்னேன். ஒருவர் விடாமல் சொன்னேன். என்னிடம் பல் சுத்தம் செய்ய வந்து வாயைத் திறந்தபடி பதில் சொல்ல முடியாமல் கிடந்தவர்களிடமும் சொன்னேன்.

பத்து மாதம் கழித்து, பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, எங்கள் பக்கத்துத் தியேட்டரில் ஊர்க்காரர்களுக்காகப் படத்தைப் போட்டார்கள். முடிந்ததும் டைரக்டரோடு ஒரு கலந்துரையாடலும் இருந்தது. வாசலில் பெரிய பலகையில் 'எல்லோருடைய கதையும்' என்று எழுதியிருந்தது. சர்ச் வேனில் இருபத்துமூன்று பேர் வந்தோம். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி, கையுறை, வாசனை, ஒன்றுக்கும் குறைவில்லை. நடு வரிசைகள் இரண்டு எங்களுக்கு. ஓப்பல் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

என் மாடிப்படி வந்தது. என் சமையலறை வந்தது. "அடியே, உன் ஃபிரிட்ஜு!" என்று பின்வரிசையில் யாரோ கூவினார்கள். மோனா ஒரு தடவை வேலிக்கு அப்பால் கையசைத்தாள், ஒரு தடவை போனில் "உடனே வர்றேன்டி" என்றாள். நான் காத்திருந்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. மோனா மறுபடி வரவில்லை. அந்தக் கீழ்த்தள அறை வரவேயில்லை.

பிறகு போலீஸ் அதிகாரி வந்தாள். அந்தக் கறுப்பினப் பெண் அதிகாரி, ஹேலி சொன்ன முப்பத்தெட்டு சதவீதத்தில் ஒருத்தி. என் சமையலறை மேசையில் கதாநாயகிக்கு எதிரே உட்கார்ந்து, கோட்டுப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து வைத்தாள்.

"இந்த ஆளை இந்தத் தெருவுல எப்பவாவது பாத்திருக்கீங்களா?"

கேமரா படத்தின் பக்கம் போனது. திரை முழுக்கக் கீனன்.

பணியாரத் தட்டை வெட்டிவிட்டார்கள். படியை, வெயிலை, பின்னால் இருந்த என் செம்பருத்தியை வெட்டிவிட்டார்கள். குல்லாச் சட்டையும் முகமும்தான் பாக்கி. நிறத்தையெல்லாம் இறக்கி அழுக்குச் சாம்பலாக ஆக்கியிருந்தார்கள். சிரிப்பை மட்டும் வெட்டவில்லை. வெட்டத் தேவையில்லாமல் போயிற்று. வெயிலும் தட்டும் போனதும், அம்மாவைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிய அதே சிரிப்பு, ஒரு பெண்ணை எங்கிருந்தோ வேவு பார்க்கிறவனின் சிரிப்பாகிவிட்டது.

கதாநாயகி மூச்சை இழுத்தாள். "பாத்த மாதிரி... இருக்கு. ஜன்னல் பக்கம்."

தியேட்டரில் முன்வரிசைகளில் ஒரு சிலிர்ப்பு ஓடியது. எங்கள் இரண்டு வரிசையில் ஒருவரும் அசையவில்லை. பிறகு சிஸ்டர் வில்லா மே, எண்பது வயது, காது மந்தம், ஆகவே குரல் எப்போதும் உரக்கத்தான் வரும், கேட்டாள்: "ஏசுவே, அது நம்ம கீனன் இல்லியா? அவன் என்ன பண்ணினான்?"

அந்தப் படம் அதன் பிறகும் மூன்று தடவை வந்தது. போலீஸ் வண்டியில் ஒரு தடவை, சுவரில் குத்தி ஒரு தடவை, கதாநாயகியின் கனவில் ஒரு தடவை. கடைசியில் புருஷன் அகப்பட்டான், மழை பெய்தது, முடிந்தது. அப்படியானால் அந்தப் பையன் யார், எதற்காக அந்தத் தெருவுக்கு வந்தான் என்று படத்தில் ஒருவரும் கேட்கவே இல்லை. வேலை முடிந்ததும் அவனைக் கீழே போட்டுவிட்டார்கள்.

விளக்கு வந்தது. ஹேலி மேடையில் நாற்காலியில் உட்கார்ந்து, பங்கேற்பைப் பற்றியும் பார்வைகளைப் பற்றியும் பேசினாள். பிறகு கையை நெற்றியில் வைத்துக் கூட்டத்தில் தேடினாள். "வெர்னீஸ் எங்க? இந்த வீட்டோட சொந்தக்காரங்க. வெர்னீஸ், உங்க வீட்டைத் திரையில பாத்தது எப்படி இருந்துச்சு?"

மைக்கை யாரோ என் கையில் திணித்தார்கள். எழுந்தேன். எத்தனையோ சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், மூன்று வார்த்தைதான் வந்தது.

"அது... என் பையன்."

ஹேலிக்குப் புரியவில்லை. அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். சத்தியமாக, பொய்யில்லாத சந்தோஷம். "உங்க பையனும் படத்துல இருக்காரா? எனக்குத் தெரியவே தெரியாதே! வந்திருக்காரா? எழுந்து நிக்கச் சொல்லுங்க, எல்லாரும் பாக்கட்டும்!"

தியேட்டர் கைதட்டியது. என் பையன் எழுந்து நிற்பான் என்று நூற்றைம்பது பேர் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி கைதட்டினார்கள்.

ஓப்பல்தான் எழுந்தாள். கைப்பையிலிருந்து பைபிளை எடுத்தாள், பைபிளுக்குள்ளிருந்து அந்த இறுதிச் சடங்குப் புத்தகத்தை எடுத்தாள், அட்டை மேடைக்குத் தெரியும்படி தலைக்கு மேல் பிடித்தாள். பக்கத்தில் சிஸ்டர் வில்லா மே தன்னுடையதை எடுத்தாள். பின்வரிசையில் ஒருவர், அதற்குப் பின்னால் இன்னொருவர். பிறந்த தேதியும் இறந்த தேதியும் அச்சடித்த கீனன்கள், ஏழெட்டுப் பேர், படியில் உட்கார்ந்து பணியாரம் சாப்பிட்டுக்கொண்டு. கைதட்டல் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. ஹேலியின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று இப்போதும் ஆசையில்லை.

மறுநாள் கென்ட்ரா வந்தாள். வாசற்படியைத் தாண்டி வரமாட்டேன் என்று நின்றுகொண்டு அழுதாள். நான் உள்ளே இழுத்து உட்கார வைத்தேன்.

"கலிபோர்னியால சும்மா நூறு பேரைக் கூப்பிட்டுப் படத்தைப் போட்டுக் காட்டினாங்க, மிஸ் வெர்னீஸ். புருஷன்தான் கொலைகாரன்னு பாதிப் படத்துலயே கண்டுபிடிச்சிட்டாங்களாம். வேற யார் மேலயாவது சந்தேகம் வரணும்னு புதுசா அந்த போலீஸ் காட்சி எடுத்தாங்க. மோனா காட்சி நீளமா இருக்குன்னு தூக்கிட்டாங்க. அங்க நான் இல்ல. சத்தியமா எனக்குத் தெரியாது."

"சரி, அந்த வாடகைப் படங்கள் ஆறு இருந்துச்சே. அதுல ரெண்டு பையன்க இருந்தாங்க. ஏன் என் பிள்ளை?"

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"அந்தக் கம்பெனிப் படங்களைக் குற்றவாளியா காட்டக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கு. அதனால அதுல எல்லாம் மஞ்சள் வில்லை. பச்சை ஒட்டினது உங்க பையன் படம் ஒண்ணுதான்."

யாரென்றே தெரியாத அந்தப் பையன்களை ஒரு தாள் காப்பாற்றியிருக்கிறது. என் பிள்ளைக்கு அம்மா இருந்தாள். பேனா எங்கே என்று கேட்டாள்.

அந்த வாரம் மளிகைக் கடையில் எனக்குப் பழக்கமான ஒரு பெண்மணி, நல்லவள்தான், என் தோளைத் தொட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "உங்க பையன் அப்படித்தான் போனான்னு எனக்குத் தெரியாதுங்க. போலீஸ் சமாச்சாரமா?" இதய நோய் என்றேன். "ஆமா ஆமா" என்று தலையாட்டினாள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை.

பிறகு படக் கம்பெனியின் வக்கீல் போன் செய்தார். மரியாதையான குரல். ஓப்பல் ஒலிபெருக்கியைப் போடச் சொல்லி நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். சட்டப்படி அவர்கள் மேல் தவறில்லையாம். ஆனாலும் என் மனம் புண்பட்டதை மதித்து, படம் வீடுகளில் பார்க்க இணையத்தில் வருவதற்கு முன் அதை மாற்றித் தரத் தயாராம். நான் இதைப் பற்றி வெளியே பேசக்கூடாது, அவ்வளவுதான்.

"எப்படி மாத்துவீங்க?" என்றாள் ஓப்பல்.

"அந்தப் படத்துக்குப் பதிலா வேற படம் வரும், மேடம். உங்க பையன் ஒரு நொடிகூடத் திரையில இருக்க மாட்டார். எழுத்துலயே தர்றோம்."

தாள் வந்தது. இந்தத் தடவை படித்தேன். ஓப்பலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தாள். 'மேற்படி படத்துக்குப் பதிலாக, ஒத்த தோற்றமுடைய இன்னொருவரின் படம் இடம்பெறும்.' அந்த வரியில் அவள் விரல் நிற்கவில்லை. என் கண்ணும் நிற்கவில்லை. கீனனின் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று பார்த்தேன், எழுதியிருந்தார்கள். கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பரில் படம் இணையத்தில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, பொரித்த கோழியும் கீரையும் தட்டில் போட்டுக்கொண்டு, ஓப்பலும் நானும் கூடத்தில் உட்கார்ந்தோம். பார்க்கவே வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். "சொன்னதைச் செஞ்சானுங்களான்னு பாக்காம விடறதா?" என்றாள் ஓப்பல். எந்தச் சோபாவில் உட்கார்ந்திருந்தோமோ அதே சோபாவில் திரைக்குள் கதாநாயகி அழுதுகொண்டிருந்தாள். ஓப்பல் வேகமாக ஓட்டினாள். சமையலறை வந்தது. அதிகாரி கோட்டுப் பைக்குள் கையை விட்டாள்.

படம் மேசைமேல் விழுந்தது. வேறு பையன்.

"அப்பாடா" என்றாள் ஓப்பல். "நம்ம புள்ள இல்ல."

"அப்பாடா" என்றேன் நானும். கண்ணில் நீர் வந்துவிட்டது. "கடவுளுக்கு நன்றி" என்றும் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

ஓப்பல் படத்தை நிறுத்திவிட்டுக் குழம்பு ஊற்ற எழுந்து போனாள். திரையில் அந்தப் பையன் அப்படியே நின்றான். பதினெட்டு, பத்தொன்பது இருக்கும். சாம்பல்நிறக் குல்லாச் சட்டை. அதைத் தேடிப் பிடித்து மாட்டியிருக்கிறார்கள். சிரிக்கிறான். எனக்குப் பல்தானே முதலில் தெரியும். வரிசை கச்சிதமாக இருந்தது. முன்பற்கள் ஒவ்வொன்றின் நடுவிலும் சின்னச் சதுரமாக ஒரு வெளிர்த் தடம். கம்பி போட்டு எடுத்த தடம். போட்டிருக்கும்போது சரியாகத் தேய்க்காத பிள்ளைகளுக்கு விழும். இரண்டு மூன்று வருஷம் மாதம் தவறாமல் யாரோ அவனை அழைத்துக்கொண்டு போயிருக்கிறாள். தேய்டா, தேய்டா என்று குளியலறைக் கதவைத் தட்டியிருக்கிறாள்.

கென்ட்ராவுக்குப் போன் செய்தேன். "யாரும்மா அந்தப் பையன்?"

"துணை நடிகர் பட்டியல்ல இருந்து எடுத்தாங்க, மிஸ் வெர்னீஸ். இதுக்குன்னே கூப்பிட்டு எடுத்த படம். நீங்க கவலைப்படாதீங்க, எல்லாம் முறைப்படி கையெழுத்து வாங்கியாச்சு. பையனுக்கு ரொம்ப சந்தோஷமாம். முதல் படம்."

"அவங்க அம்மா?"

"அது... எனக்குத் தெரியாதுங்க."

எனக்குத் தெரியும். அவளும் இந்நேரம் அவளுடைய சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லியிருப்பாள். ஒருவர் விடாமல் சொல்லியிருப்பாள்.

என் பிள்ளையை அங்கிருந்து எடுங்கள் என்று நான் கேட்டேன். எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு பிள்ளை எதற்கு என்று நான் கேட்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை, இரண்டாவது தடவை தாளை வரிக்கு வரி படித்தபோதும்.

ஓப்பல் தட்டோடு திரும்பி வந்தாள். "என்னடி, இன்னும் அவனையே பாத்துட்டு உக்காந்திருக்க? சாப்பிடு, ஆறிப் போகுது."

"தேய்க்கச் சொன்னா தேய்ச்சிருக்க மாட்டான்" என்றேன்.

"யாரு?"

ஓப்பல் பொத்தானை அழுத்தினாள். கதாநாயகி மூச்சை இழுத்து, அவனைப் பார்த்த மாதிரி இருக்கிறது என்றாள்.